காலை ஊன்றாமல் ஓர் எட்டு

திண்டுக்கல் பக்கம் யாரையாவது "எட்டு போட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். எதைப் பற்றிய கேள்வி என்று விளக்க வேண்டியிருக்காது. ஓட்டுநர் உரிமத் தேர்வு என்பது அலுவலகப் பலகையில் இருக்கும் சொல். பேச்சில் அது எட்டுதான். "எட்டுல கால ஊனிட்டான், அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் தன் எட்டின் கதையை ஆரம்பித்துவிடுவார். மைதானத்தில் எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் கால் தரையில் படாமல் வண்டியைச் சுற்றி வர வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. பிரேக் இன்ஸ்பெக்டர் தலையாட்டினால் முடிந்தது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 15ஆம் விதியைப் படித்துப் பார்த்தால் தேர்வு வேறொன்றாக இருக்கிறது. கண்ணாடியைச் சரிசெய்வது, கிளம்பும்போது பார்க்க வேண்டியது, கியரை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவது, இறக்கத்தில் வேகமாகக் கீழ் கியருக்கு வருவது, முந்துவது, முந்தவிடுவது, திரும்பும் முன் சைகை காட்டுவது என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் சாலையில், மற்ற வண்டிகளுக்கு நடுவே செய்யும் காரியங்கள். இந்த நீண்ட பட்டியல் எங்கள் மைதானத்துக்கு வரும்போது ஓர் எட்டாகச் சுருங்கிவிடுகிறது.

எட்டை நான் மட்டமாகப் பேசவில்லை. பிரிட்டனில் 2009 ஏப்ரலிலிருந்து மோட்டார் சைக்கிள் தேர்வு இரண்டு பகுதியாக நடக்கிறது. முதல் பகுதி மூடிய மைதானத்தில். அங்கேயும் எட்டு உண்டு. அதில் தேறியவர் பிறகு உண்மையான சாலையில் ஓட்ட வேண்டும். தேர்வாளர் இன்னொரு வண்டியில் பின்தொடர்ந்து, காதுக்கருவி வழியே வழி சொல்லிக்கொண்டே வருவார். அங்கே எட்டு முதல் படி. இங்கே அதுதான் முழுப் பரீட்சை. அப்படியென்றால் நம்முடைய தேர்வு உண்மையில் எதைச் சோதிக்கிறது?

மெதுவாக ஓடும் இரண்டு சக்கர வண்டியை விழாமல் வைத்திருக்கும் திறனை. வேகமாகப் போகும்போது வண்டி தானே நிற்கும். நடக்கிற வேகத்தில்தான் சாயும். அப்போது கிளட்ச்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்து, வண்டியை உள்பக்கம் சாய்த்து, உடம்பை வெளிப்பக்கம் வைத்துத் திரும்ப வேண்டும். வேகத்தில் கதையே வேறு: வலது பக்கம் போக வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். ஓட்டுகிற எல்லோரும் இதைச் செய்கிறார்கள், செய்கிறோம் என்று தெரியாமலே. ஆகாய விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களில் வில்பர், பல சைக்கிள்காரர்களிடம் 'எப்படித் திரும்புகிறீர்கள்' என்று கேட்டிருக்கிறார். ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. உடம்புக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

உடம்பு அதை எங்கே கற்றது? சைக்கிளில். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அது வாடகை சைக்கிள் கடையில் தொடங்கியது. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, சீட்டுக்கு எட்டாத உயரத்தில், பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டு, முட்டி பெயர்ந்து, அடுத்த ஞாயிறும் போவார்கள். பாவாடை கட்டிய பிள்ளை அந்த முக்கோணத்துக்குள் காலை எப்படி நுழைப்பாள்? நான் 1981-இல் சின்னாளப்பட்டியில் பிறந்தவள். என் அண்ணன் ஒன்பது வயதில் குரங்கு பெடல் போட்டான். நான் கேரியரில் உட்கார்ந்து வந்தேன். யாரும் தடுத்ததாக நினைவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றாதபடி அது இருந்தது. இருபத்தெட்டு வருடம் கழித்து மைதானத்தில் எட்டுக்கு முன்னால் நின்றபோது, அண்ணன் ஒன்பது வயதில் எழுதிய பரீட்சையை நான் முப்பத்தேழில் எழுதுகிறேன் என்று புரிந்தது.

அதனால்தான் எங்கள் சமவெளியில் லைசென்ஸின் வரலாற்றை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ரிஜிஸ்டரில் தேடக் கூடாது என்று நினைக்கிறேன். யார் சைக்கிளில் ஏறவிடப்பட்டார்கள் என்பதில் தேட வேண்டும்.

அந்த வரலாற்றில் ஒரு பெரிய ஆண்டு 1991. எங்களுக்குக் கிழக்கே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஊர் ஊராகப் போக வேண்டிய பெண்களுக்கு நகரும் வழி வேண்டும் என்பதால் சைக்கிள் பயிற்சியும் இயக்கத்தின் பகுதியானது. கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் கற்றுக்கொண்டார்கள். சுமார் பதினெட்டு மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் என்று அங்கே போய்ப் பார்த்த பி. சாய்நாத் எழுதினார். அவர் எழுதியதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பட்டபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தது. முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பாவாடைக்குத் தடையாக இருந்த அதே பார்.

இதற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே நிற்பது டி.வி.எஸ். 50. 1980-இல் ஓசூரிலிருந்து வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். பூ மூட்டை, பால் கேன், ஒட்டன்சத்திரத்துக்குப் போகும் காய்கறிக் கூடை எல்லாம் அதில் ஏறின. 1989 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம், கியர் இல்லாத வண்டியை 16 வயதிலேயே ஓட்டலாம் என்றது. 1994-இல் அதைத் திருத்தி 50 சி.சி.க்கு மேல் போகக் கூடாது என்று சேர்த்தார்கள். இன்று ஓடும் எக்ஸ்.எல். 100 அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனாலும் பதினாறு வயதுப் பையன் அதில் தோட்டத்துக்குத் தண்ணீர்க் குடம் கொண்டுபோவதை எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். அது தனிக் கதை.

அந்தச் சட்டம் செய்த முக்கியமான காரியம் இரு சக்கர வண்டியைக் கியரால் இரண்டாகப் பிரித்தது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள். ஐரோப்பாவில் இன்ஜினின் சக்தியை வைத்துப் பிரிக்கிறார்கள், 125 சி.சி. ஒரு வகுப்பு, 35 கிலோவாட் வரை இன்னொன்று, அதற்கு மேல் வேறொன்று. நம் ஊரில் பதினெட்டு வயதில் ஒரு ஸ்ப்ளெண்டரில் எட்டு போட்டவர் மறுநாள் ஆயிரம் சி.சி. வண்டியில் ஏறலாம், தடையில்லை. ஆனால் பத்து வருடம் ஸ்கூட்டி ஓட்டிய பெண், கணவரின் ஸ்ப்ளெண்டரைத் தெருமுனைவரை எடுத்துப் போக லைசென்ஸ் இல்லாதவள். ஆபத்து வேகத்திலும் எடையிலும் இருக்கிறது என்று நினைக்கும் சட்டம் ஒன்று. கிளட்ச் பிடிக்கும் இடது கையில் இருக்கிறது என்று நினைக்கும் சட்டம் இன்னொன்று. சட்டம் எழுதியவர்கள் பெண்களை மனதில் வைத்து இப்படிப் பிரித்தார்கள் என்று சொல்லமாட்டேன். பிரிந்த விதத்தில் அந்தக் கோடு பல வீடுகளில் கணவன் மனைவிக்கு நடுவே விழுந்தது.

இன்னொரு விதி இன்னும் வேடிக்கை. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் கற்கும்போது, லைசென்ஸ் உள்ள பயிற்சியாளர் ஒருவர் கூட இருக்க வேண்டும். வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறது 3ஆம் விதி. காரில் சரி. பைக்கில் அந்த இடம் எது? பின் சீட்டில் இருப்பவருக்குக் கால் பிரேக் எட்டாது. கை ஹேண்டில்பாரை எட்ட வேண்டுமென்றால் ஓட்டுபவரைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் எட்டும். ஆணுக்கு ஆண் கற்றுக்கொடுத்த காலத்தில் இது பிரச்சினை இல்லை. கற்பவள் பெண் என்றால், அப்பா, அண்ணன், புருஷன் தவிர யார் அப்படி உட்கார முடியும்? இந்த மூவரில் ஒருவருக்கு நேரமும் மனசும் இருந்தால்தான் ஒரு பெண் ஓட்டக் கற்பாள். டிரைவிங் ஸ்கூலில் பெரும்பாலும் கார்தான் கற்றுத் தருகிறார்கள். பைக்குக்கு எட்டு மட்டும் ஒருநாள் காலையில் காட்டுவார்கள். மீதி வீட்டுப் பாடம். பதினெட்டு சென்டிமீட்டர் சதுர அட்டையில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிவப்பில் 'எல்' எழுதி மாட்டச் சொல்லும் அதே விதிகள், அந்த வீட்டுப் பாடத்தை யார் நடத்துவது என்று பேசவில்லை.

2018-க்கு வருகிறேன். உழைக்கும் மகளிருக்கு மானிய விலையில் இரு சக்கர வண்டி என்பது 2016 தேர்தலில் ஜெயலலிதா கொடுத்த வாக்குறுதி. அவர் இறந்த பிறகு, அவருடைய பிறந்தநாளான பிப்ரவரி 24 அன்று சென்னையில் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர். தொடக்கத்தில் வயது 18 முதல் 40. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். வண்டி 125 சி.சி.க்கு மேல் போகக் கூடாது, கியர் மாற்றும் வேலை இல்லாததாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கையில் லைசென்ஸோ எல்.எல்.ஆரோ வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் வரலாறு செய்தது. அந்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தமிழ்நாடு முழுக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்கள் பெண்களால் நிறைந்தன. எங்கள் வரிசையில் வேடசந்தூர் மில்லில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், சத்துணவு அமைப்பாளர் ஒருவர், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள். நானும் இருந்தேன். புரோக்கரிடம் மட்டும் பேசிப் பழகிய ஜன்னல் அன்று திணறியது.

எல்.எல்.ஆர். கிடைத்து முப்பது நாள் கழித்துத்தான் எட்டு. மைதானத்தில் நான் கவனித்தது ஒன்று. வந்த பெண்கள் வயதுப்படி இரண்டாகப் பிரிந்தார்கள். முப்பதுக்குக் கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் சிரமமில்லாமல் போட்டார்கள். அதற்கு மேலே இருந்தவர்கள் நடு வளைவில் காலை ஊன்றினார்கள். இதற்கு வயதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், 2005 வாக்கில் அரசுப் பள்ளியின் மேல்நிலை மாணவர் எல்லோருக்கும் விரிந்தது. அந்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் இருந்த பெண் 2018-இல் இருபத்தொன்பது வயதுக்காரி. ஓர் அரசு கொடுத்த சைக்கிள், பதின்மூன்று வருடம் கழித்து இன்னொரு அரசு கொடுத்த ஸ்கூட்டருக்கான தேர்வில் தேறவைத்தது. கோடு எங்கே விழுந்தது என்பதை அந்த மைதானத்தில் கண்ணால் பார்க்க முடிந்தது. கோட்டுக்கு மேலே நின்ற எங்களில் சிலர் இரண்டாம் முறை வந்தோம், சிலர் வரவே இல்லை.

2021 மே மாதம் ஆட்சி மாறியதும் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஸ்கூட்டர் திட்டம் தொடரவில்லை. எது நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். பஸ் எல்லோருக்கும் உதவுகிறது, எட்டு போடத் தெரியாதவளுக்கும். ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து பதினொன்றரைக்கு வெளியே வருபவளுக்குப் பஸ் வருமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கியர் லைசென்ஸுக்கு நான் போனது 2023-இல். கணவர் திருப்பூரில் வேலை. அவருடைய ஸ்ப்ளெண்டர் வீட்டில் தூங்கியது. ஏற்கெனவே லைசென்ஸ் இருந்தாலும் புது வகுப்பைச் சேர்க்க மறுபடி எல்.எல்.ஆர்., மறுபடி முப்பது நாள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 ரூபாயாக இருந்த அபராதத்தை 2019 திருத்தம் 5,000 ஆக்கியிருந்தது. தமிழ்நாட்டில் அது 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அண்ணன் மகள். அரசு சைக்கிளில் பள்ளிக்குப் போனவள், அவள் அப்பாவிடம் கியர் கற்றவள். பின் சீட்டில் உட்கார்ந்து என் இடுப்பைச் சுற்றிக் கை நீட்டி ஹேண்டிலைப் பிடிக்க அவளுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. "அத்தை, முன் சக்கரத்தப் பாக்காதீங்க. எங்க போணுமோ அங்க பாருங்க, வண்டி அங்க போயிரும்." முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக். ரேஸை ஏற்றி இறக்காமல் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். வண்டி கிளட்ச்சில்தான் நடக்கும். மூன்று வாரம், தினமும் விடிகாலை.

தேர்வு நாளில் கியர் வகுப்புக்கு வந்த பெண்கள் என்னையும் சேர்த்து இரண்டு பேர். மற்றவள் கல்லூரி மாணவி, புல்லட்டில் வந்திருந்தாள். பிரேக் இன்ஸ்பெக்டர் என் படிவத்தைப் பார்த்துவிட்டு, "கியர் வண்டியாம்மா? உங்களுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். எட்டு ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. இறக்கத்தில் கியர் மாற்றுவது, லாரியை முந்துவது, சைகை காட்டுவது எதையும் அவர் கேட்கவில்லை. சிறுமலைக்குப் போகும் சாலையில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அன்று மாலையே நான் அதில் சட்டப்படி ஏறலாம்.

"மைதானம் வேற, ரோடு வேற அத்தை" என்றாள் அண்ணன் மகள். சாயங்காலம் வத்தலகுண்டு சாலையில் செம்பட்டி வரைக்கும் போனோம். அவள் தன் ஸ்கூட்டரில் முன்னால் போனாள். லாரி வரும்போதெல்லாம் இடது கையைத் தாழ்த்தி ஆட்டி, என்னை மெதுவாக வரச் சொன்னாள்.