ஃபியாஸ்கோ: ஒரு குடுவையின் அவமானம்

இத்தாலியத்தில் 'ஃபியாஸ்கோ' என்றால் வைக்கோல் சுற்றிய, வயிறு பருத்த மதுக்குடுவை. பிற்கால இலத்தீன் 'ஃபிளாஸ்கோ' இதன் மூலம். தமிழ் வீடுகளின் காப்பிப் பிளாஸ்க்கும் இக்குடும்பத்ததே. 'குடுவை செய்தல்' என்னும் தொடர், அவைமுன் தோற்று நாணுதலைக் குறிக்கும் நாடகக் கொச்சையானது எவ்வாறு என்பதே சிக்கல். முரானோக் கண்ணாடித் தொழிலாளர் பிசகிய கலத்தைச் சாதாரணக் குடுவையாக்கிவிடுவர் என்பது ஒரு விளக்கம். 17ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நடிகர் பியாங்கொலெல்லி குடுவையை ஏந்தி நடித்தும் அவையோர் சிரிக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் சுவையானவை, சான்றற்றவை. சொல்லுக்குப் பின் பிறந்த கதைகளாகவே தோன்றுகின்றன.

சொல்லின் பொருளுக்கோ நல்ல சான்றுண்டு. 1853 மார்ச் 6 அன்று வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் வெர்தியின் 'லா திராவியாத்தா' இசைநாடகம் அரங்கேறியது. காசநோயால் மெலிந்து மடியும் நாயகியாக உடல் பருத்த பாடகி தோன்றியதை அவையோர் எள்ளினர் என்பர். மறுநாள் எழுதிய கடிதத்தில் வெர்தி அந்த இரவை 'ஃபியாஸ்கோ' என்றே குறித்தார். பிழை தம்முடையதா, பாடகர்களுடையதா என்பதைக் காலம் தீர்க்கட்டும் என்றார். சில திருத்தங்களுடன் 1854 மே மாதம் அதே நகரின் வேறோர் அரங்கில் அந்நாடகம் பெருவெற்றி கண்டது. ஆகவே அவருக்கு அச்சொல் படைப்பின் மீதான தீர்ப்பன்று. ஓர் இரவில் அவை நடந்துகொண்ட விதம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துள் நுழைந்து, பின்னர் போருக்கும் அரசியலுக்கும் பரவியபோது இந்நுட்பம் தேய்ந்தது.

தமிழ்த் திரையுலகிலோ தோற்ற படம் 'ஊத்திக்கிச்சு'. இத்தாலியக் குடுவைக்கும் இதற்கும் உறவில்லை.