செம்மொழிக்கு எத்தனை மதிப்பெண்?

ஒரு மொழியின் தொன்மையை அறியக் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் நாடுகிறோம். அதே மொழிக்கு ஒரு சமுதாயம் தன் காலத்தில் தரும் மதிப்பை அறிய வேண்டுமாயின், தேர்வு விதிகளையும் உபகாரச் சம்பள விதிகளையும் படிக்க வேண்டும். பதினேழு வயது மாணவர் ஒருவர் பழம்பெரும் மொழியொன்றைக் கற்பதால் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதை அவ்விதிகளே முடிவு செய்கின்றன. இலத்தீனும் கிரேக்கமும் ஐரோப்பியப் பள்ளிகளில் நிலைத்து நின்ற கதையையும், மலேசியாவில் தமிழ் இலக்கியம் தேர்வுப் பாடமாகத் தொடர்ந்துவரும் கதையையும் இந்த நோக்கில் அருகருகே வைத்துப் பார்ப்பதே இப்பொழிவின் முயற்சி.

1854ஆம் ஆண்டில் மெக்காலே தலைமையிலான குழு, இந்திய ஆட்சிப் பணிக்குத் திறந்த போட்டித் தேர்வை நடத்தப் பரிந்துரைத்தது. அக்குழு வகுத்த மதிப்பெண் பட்டியலை மொழியியலாளர் எவரும் கூர்ந்து படிக்க வேண்டும். மொத்த மதிப்பெண் 6,875. அதில் கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்திற்கு 375, அரபுக்கு 375. ஆளப்போவது இந்தியாவை, ஆயினும் கிரேக்கமும் இலத்தீனும் சேர்ந்து மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக இடம் பெற்றன. தமிழ் அப்பட்டியலில் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டோர் பணியின் பொருட்டுப் பின்னர் பழகிக்கொள்ளும் வட்டார மொழிகளின் வரிசையிலேயே அது வைக்கப்பட்டது. கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல்தான் வெளிவந்தது. ஆனால் அதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட முன்னரே, 1730இல், வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்திருந்தார். தமிழின் சிறப்பை அறிந்த ஐரோப்பியர் இருந்தனர். அந்த அறிவு மதிப்பெண்ணாக மாறவில்லை.

கிரேக்கம் அறிந்தவர் மாவட்ட நிர்வாகத்தை எவ்வாறு நடத்துவார் என்ற வினாவுக்கு அக்குழுவிடம் விடை இருந்தது. தேர்வு சோதிக்க வேண்டியது தொழில் அறிவையன்று, பயிற்சி பெற்ற அறிவாற்றலை என்பதே அவ்விடை. கடினமான மொழியொன்றில் ஆழ்ந்து பயின்ற இளைஞர், வேறெந்தப் பொறுப்பையும் கற்றுக்கொள்ள வல்லவர் என்று அவர்கள் நம்பினர். இவ்வாதத்தை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப நேரும்.

ஆட்சிப் பணித் தேர்வுக்கு முன்பும் பின்பும், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் பள்ளி மாணவர்க்குத் திறந்த உபகாரச் சம்பளப் போட்டிகளை நடத்தின. இலத்தீன், கிரேக்கப் போட்டிகளின் உயிர்நாடி, மாணவர் முன்பு பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்து மொழிபெயர்க்கச் செய்வதாகும். ஆங்கிலப் பகுதியொன்றை இலத்தீன் உரைநடையாகவோ செய்யுளாகவோ ஆக்கச் சொல்வதும் உண்டு. விளக்கவுரையை மனப்பாடம் செய்து இத்தகைய தாளை எழுத இயலாது. சொல்லை அறிய வேண்டும். வேற்றுமையை இனங்காண வேண்டும். வினைமுற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். வென்றவருக்குப் பெருமையும் கல்விச் செலவுக்குப் பணமும் கிடைத்தன. ஆகவே பள்ளிகள் சிறந்த ஆசிரியரை இப்பாடங்களுக்கு அமர்த்தின. பெற்றோரும் பிள்ளைகளை ஊக்கினர். உரோமப் பேரரசு வீழ்ந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆன பின்னும் பள்ளி வகுப்பறையில் இலத்தீன் ஒலித்தமைக்குப் பக்தி மட்டும் காரணமன்று. இந்த ஏற்பாடும் காரணம்.

ஏற்பாடு தளர்ந்தபோது விளைவும் உடனே தெரிந்தது. கட்டாயக் கிரேக்கத்தை கேம்பிரிட்ஜ் 1919இலும் ஆக்ஸ்ஃபோர்டு 1920இலும் கைவிட்டன. 1960இல் இலத்தீன் நுழைவு நிபந்தனையும் நீங்கியது. பள்ளிகளில் கற்போர் தொகை சரிந்தது. ஆயினும் அம்மொழிகளின் ஆசிரியர்கள் புலம்பலோடு நின்றுவிடவில்லை. 1966இல் கேம்பிரிட்ஜில் பள்ளிகளுக்கான செம்மொழித் திட்டமொன்றைத் தொடங்கி, பாடநூலையும் கற்பிக்கும் முறையையும் புதிதாக வகுத்தனர். இத்தாலியில் சிசெரோ பிறந்த அர்ப்பினோ என்னும் சிற்றூரில் 1980 முதல் ஒரு போட்டி நடைபெறுகிறது. பல நாட்டுப் பள்ளி மாணவர் அங்குக் கூடி, சிசெரோவின் பகுதியொன்றை ஐந்து மணி நேரம் அமர்ந்து மொழிபெயர்த்து விளக்குகின்றனர். நிபந்தனை போன இடத்தை விருப்பத்தால் நிரப்பும் முயற்சி அது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். நீரிணைக் குடியேற்றங்களில் பொறுப்பு ஆளுநராக இருந்த சிசில் கிளெமென்டி ஸ்மித் 1885இல் அரசியாரின் உபகாரச் சம்பளத்தைத் தோற்றுவித்தார். வென்ற மாணவர் பிரிட்டனில் உயர்கல்வி பெறலாம். அந்த ஏணியின் ஒவ்வொரு படியும் ஆங்கிலத்தால் ஆனது. சிலாங்கூரில் 1893இல் விக்டோரியா கல்விக்கூடம் உருவானபோது, அதன் நிறுவனர் வரிசையில் தம்புசாமிப் பிள்ளையும் இடம்பெற்றார். பிரிக்ஃபீல்ட்சின் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த எழுத்தர் குடும்பங்களும் ஆங்கிலப் பள்ளியையே பிள்ளைகளின் எதிர்காலமாகக் கண்டன. கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களிலோ நிலைமை வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் கூறிற்று. அப்பள்ளியோ தொடக்க வகுப்புகளோடு முடிந்தது. ஆங்கிலத்தில் பயின்றவருக்கு ஏணி இருந்தது. அதில் தமிழுக்குப் படியில்லை. தமிழில் பயின்றவருக்கு ஏணியே இல்லை.

இந்நிலையில் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற மலாயாப் பல்கலைக்கழகம் புதிய வினாவை எழுப்பியது. இந்தியவியலுக்கெனத் துறை அமையுமாயின் அதன் முதன்மை மொழி எது? வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்திற்கு முதன்மை தருமாறு பரிந்துரைத்தார். உயர்கல்விக்குரிய செம்மொழி என்றால் அன்று அறிஞருலகு சமஸ்கிருதத்தையே எண்ணிற்று. மலாயாவில் வாழ்ந்த இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழர் என்பதும், தமிழுக்கும் ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உண்டு என்பதும் அந்தப் பரிந்துரையில் உரிய எடை பெறவில்லை. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி இதனை எதிர்த்து எழுதினார், மக்களைத் திரட்டினார், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. எளிய மக்களும் தம்மால் இயன்ற வெள்ளியைத் தந்தனர். 1956இல் இந்திய ஆய்வியல் துறை தமிழை முதன்மை மொழியாகக் கொண்டு தொடங்கிற்று. தம் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலை மிதிப்பார்களா என்பதே உறுதியில்லாத மக்கள், அப்பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டிப் பணம் தந்தனர் என்பதை இந்நாட்டுத் தமிழ்க் கல்வி வரலாற்றின் உயரிய செய்தியாக நாம் கருதுகிறோம்.

துறை பின்னர் கோலாலம்பூருக்கு, பிரிக்ஃபீல்ட்சிலிருந்து சில கல் தொலைவிலுள்ள பந்தாய்ப் பள்ளத்தாக்குக்கு வந்தது. 1961 முதல் அதனை வழிநடத்திய தனிநாயகம் அடிகள், உரோமாபுரியில் பயின்ற கத்தோலிக்கக் குரு. இலத்தீன் மரபில் தோய்ந்தவர். தமிழைச் சமஸ்கிருதத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பழகிய அறிஞருலகிற்கு, கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களோடும் ஒப்பிடலாம் என்று அவர் காட்டினார். 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். தமிழ் உலகச் செம்மொழிகளுள் ஒன்று என்பதை ஆய்வுலகம் ஏற்கச் செய்த பணியில் நம் நகருக்கும் பங்குண்டு. இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது 2004இல்தான்.

கூரை இவ்வாறு உயர்ந்தது; தூண்கள் எந்நிலையில் இருந்தன? பல்கலைக்கழகத் துறைக்கு மாணவரை அனுப்ப வேண்டியது இடைநிலைப்பள்ளி. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் பள்ளியில் தமிழ் கற்பிக்கலாம் என வழிசெய்தது. அந்தப் பதினைந்து என்னும் எண்ணே இன்றளவும் நம் இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்புகளின் எல்லைக்கல். பதினான்கு பேர் உள்ள பள்ளியில் வகுப்புக்கு உறுதியில்லை. வகுப்பு அமைந்த பள்ளிகளிலும் அது பல வேளைகளில் பள்ளி நேரத்திற்கு வெளியே தள்ளப்படுகிறது. தமிழ் இலக்கியம் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. கவிதை, நாடகம், நாவல் ஆகியவற்றைக் கொண்ட அந்த எஸ்.பி.எம். பாடத்தை, ஆர்வமுள்ள ஆசிரியர்கள் மாலையிலும் விடுமுறை நாளிலும் கற்பித்துக் காத்து வந்துள்ளனர்.

இங்கேதான் உபகாரச் சம்பளம் மீண்டும் காட்சிக்கு வருகிறது. 2009இல் பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளங்கள் குறித்துச் சர்ச்சைகள் எழுந்தன. சில மாணவர் பல பாடங்கள் எடுத்து ‘ஏ’ நிலைகளைக் குவித்தமையால், தகுதியை ஒப்பிடுவது கடினமாயிற்று. 2010 முதல் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களே எழுதலாம் என்ற முடிவு அறிவிக்கப்பட்டது. ஒப்பீட்டுக்குச் சமமான அளவுகோல் வேண்டும் என்னும் நோக்கில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் அறிவியல் பிரிவு மாணவர் ஒருவரின் பட்டியலை எண்ணிப் பார்ப்போம்: மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பது ஆயிற்று. தமிழ்மொழி பத்தாவது. தமிழ் இலக்கியம் பதினோராவது. எவரும் இலக்கியத்தைத் தடை செய்யவில்லை. எண்ணிக்கையே தடை செய்தது.

தமிழ் அமைப்புகளும் ஆசிரியர்களும் குரல் எழுப்பினர். பத்துப் பாடங்களோடு மேலும் இரண்டு எழுதலாம் என்ற ஏற்பாடு அவ்வாண்டின் இறுதிக்குள் எட்டப்பட்டது. பாடம் பிழைத்தது. எனினும் ‘மேலும் இரண்டு’ என்ற சொல்லிலேயே ஒரு தரவரிசை உண்டு. கூடுதல் என அழைக்கப்படும் பாடத்தை, நேரம் போதாத மாணவர் முதலில் கைவிடுவார். மெக்காலே பட்டியலில் 375க்கும் 750க்கும் இடையே நின்ற அதே வேறுபாடு, இங்கு வேறு உருவில் நிற்கிறது.

நாட்டின் பணம் நாட்டின் தேவைக்கே செலவாக வேண்டும், மருத்துவரும் பொறியாளரும் வேண்டும், இலக்கிய மதிப்பெண்ணை அதில் ஏன் கணக்கிட வேண்டும் என்று கேட்பார் உளர். நேர்மையான கேள்வி இது. இதற்கு விடை 1854ஆம் ஆண்டுக் குழுவிடமே உள்ளது. கடினமான பழம்பனுவலைப் பிரித்துப் பொருள் காணும் பயிற்சி, எத்துறைக்கும் உதவும் அறிவுப் பயிற்சி என்பது அவர்கள் வாதம். கிரேக்கத்திற்குப் பொருந்திய அது தமிழுக்குப் பொருந்தாமல் போவதற்கு மொழியியலில் காரணம் ஏதுமில்லை. சங்கச் செய்யுளொன்றில் வேற்றுமை உருபு தொக்கு நிற்கும் தொடரைப் பிரித்து, வினையெச்சம் எந்த வினையைத் தழுவுகிறது எனக் காண்பவர், எளிய பயிற்சி பெற்றவர் அல்லர்.

ஆனால் இவ்வாதத்தை நாம் முன்வைக்க வேண்டுமாயின், நம் தேர்வும் அதற்குத் தகுதி பெற வேண்டும். குறிக்கப்பட்ட நூல்களுக்கு எழுதப்பட்ட குறிப்புகளை ஒப்பிக்கும் மாணவர் உயர்ந்த நிலை பெறலாம். பழந்தமிழைத் தாமே படிக்கும் ஆற்றல் அவருக்கு வந்துவிட்டது என்று சொல்ல இயலாது. நம்மிடையே மாணவர் போட்டிகள் இல்லாமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் பேரவைக் கதைகள் போட்டி, மாணவரின் படைப்பாற்றலுக்குப் பல ஆண்டுகளாகக் களம் அமைத்துள்ளது. படைப்புக்குக் களம் உண்டு. பனுவலை வாசிக்கும் புலமைக்கு அதற்கு நிகரான களம் வேண்டும்.

ஆகவே ஒரு திட்டத்தை முன்வைக்கிறோம். நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்க்கும் ஆறாம் படிவ மாணவர்க்கும் ஆண்டுதோறும் ஒரு செம்மொழித் தமிழ் உபகாரச் சம்பளத் தேர்வு நடைபெறட்டும். பாடநூல் வேண்டா, முன்பு பார்த்திராத பழம்பாடல் ஒன்று, ஓர் அகராதி, மூன்று மணி நேரம். பதம் பிரித்தல், இக்காலத் தமிழில் பொருள் எழுதுதல், மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்தல் என மூன்று பகுதிகள். மொழிபெயர்ப்பைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: இந்நாட்டு மாணவர் மூன்று மொழிகளில் வாழ்பவர், அந்த வலிமையை இத்தேர்வு பயன்படுத்த வேண்டும். கிள்ளானில் ஒரு மையம், பிரிக்ஃபீல்ட்சில் ஒரு மையம் எனச் சிறிதாகத் தொடங்கலாம். முதல் சில இடத்தினருக்குப் பட்டப்படிப்பின் ஓராண்டுக் கட்டணமேனும் கிடைக்கட்டும். அவர்கள் தமிழையே சிறப்புப் பாடமாக எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டா. சங்கப்பாடலைத் தானே படிக்க வல்ல பொறியாளரும் தமிழுக்கு வேண்டியவரே.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஒரு துறை தொடங்கும் முன்பே அதற்காக வெள்ளி வெள்ளியாகச் சேர்த்துத் தந்த முன்னோர் நமக்கு உண்டு. அவர்கள் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இருக்கை பெற்றுத் தந்தார்கள். அவ்விருக்கைக்கு முன் வந்து அமரும் மாணவரை உருவாக்கும் கடமை நம் தலைமுறையிடம் உள்ளது. தமிழ் செம்மொழியா என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. அதைப் படிக்கும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு நாம் என்ன தரப்போகிறோம் என்ற வினா இன்னும் நம்முன் நிற்கிறது.