பனிச்சரிவில் இறங்கிய நிருபர்

எழுத்தாளர் ஜேன் மோரிஸைப் பற்றி எழுதுகிறவர்கள் 1972-இல் நடந்த பாலின மாற்று அறுவை சிகிச்சையில்தான் தொடங்குகிறார்கள். செய்திப் பிரிவில் காலம் கழித்த எனக்கோ 1953 மே 30 தான் முதலில் நினைவுக்கு வரும்.

அப்போது அவர் ஜேம்ஸ் மோரிஸ். வயது 26. எவரெஸ்ட் சிகரத்தை முதலில் எட்டிய குழுவோடு போன ஒரே நிருபர், லண்டன் ‘டைம்ஸ்’ அனுப்பியவர். மலையேறிப் பழக்கமில்லாமலே ஏறத்தாழ 22,000 அடி வரை ஏறியிருந்தார். ஹிலாரியும் டென்சிங்கும் சிகரத்திலிருந்து முகாமுக்குத் திரும்பிய அன்றே, குழுவைச் சேர்ந்த மைக் வெஸ்ட்மகாட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, உருகி நெகிழ்ந்துகொண்டிருந்த கும்பு பனிச்சரிவில் பொழுது சாயச் சாய இறங்கினார். போட்டிப் பத்திரிகைகளின் கண்ணில் படாமல் சேதி லண்டன் போய்ச் சேர வேண்டுமே! ஏற்கெனவே பேசிவைத்த சங்கேதம் கைகொடுத்தது. பனிநிலை மோசம் என்றால் சிகரம் எட்டியாயிற்று; முன்முகாமைக் கைவிட்டோம் என்றால் ஹிலாரி; நிலைமை தேறக் காத்திருக்கிறோம் என்றால் டென்சிங். ஓட்டக்காரர் நாம்சே பஜாருக்குக் கொண்டுபோன சங்கேதச் சேதியை, அங்கிருந்த இந்தியக் காவல்துறையின் வயர்லெஸ் நிலையம் காத்மாண்டுவுக்கு அனுப்பியது. ஜூன் 2, எலிசபெத் அரசி முடிசூடிய காலையில், செய்தி அச்சில் வந்துவிட்டது. இதைவிடச் சுத்தமான நிருபர் வேலையை நான் அறிந்ததில்லை.

தான் பெண் என்பது சிறுவயதிலேயே தெரிந்துவிட்டதாக 1974-இல் வந்த ‘கனன்ட்ரம்’ நூலில் அவர் எழுதினார். பிரிட்டனில் சிகிச்சை வேண்டுமானால் முதலில் மனைவியை விவாகரத்து செய்ய வேண்டும் என்றார்கள். 1949-இல் கைப்பிடித்த எலிசபெத்தைப் பிரிய மனமில்லாமல், காசாபிளாங்காவில் மருத்துவர் ஜார்ஜ் புரூவிடம் போனார். பின்னாளில் சட்டத்துக்காக விவாகரத்து நடந்தது. வேல்ஸில் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார்கள். 2008-இல் இருவரும் தங்கள் உறவை மறுபடி பதிவுசெய்துகொண்டார்கள். அந்த விவாகரத்தைக் கேட்ட சட்டத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

ஆனால் அந்த வாழ்க்கையைச் சொல்லிச் சொல்லியே எழுத்தை ஓரங்கட்டிவிடுகிறோம். பிரிட்டிஷ் பேரரசைப் பற்றிய மூன்று பாக வரலாற்றில், 1968-இல் வந்த நூல் ஜேம்ஸ் பெயரில். 1978-இல் கடைசிப் பாகம் வந்தபோது அவர் ஜேன். இடையில் பார்வை தளரவில்லை, வேகம் குறையவில்லை. எனக்கு மிகப் பிடித்தது திரியெஸ்தே பற்றிய நூல். இரண்டாம் உலகப் போர் முடிந்த வேளையில் இளம் ராணுவ வீரராக அவர் பார்த்த துறைமுகம் அது. நூல் வந்தது 2001-இல். ஆஸ்திரியப் பேரரசு போனபின் கப்பலும் வியாபாரமும் குறைந்துபோன ஊரை, எழுபது தாண்டிய ஜேன் தெருத் தெருவாக நடந்து மறுபடி எழுதினார்.