உள்நாட்டுப் போரும் யாழ்ப்பாணத்தார் நினைவும்

பிறநாட்டுப் படையை எதிர்த்துப் பொருதும் சமுதாயம் தன்னுள் ஒன்றுபடுதல் கூடும். உள்நாட்டுப் போரோ அடுத்த வீட்டானையே அந்நியனாக்குவது. கி.மு. 427இல் கோர்சிராத் தீவில் மூண்ட உட்பகையை ஆராய்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், அங்குச் சொற்களின் பொருளே திரிந்தமையைக் குறித்துள்ளார். 1983 முதல் 2009 வரை நீடித்த நம் நாட்டுப் போரில் 'துரோகி' என்னும் சொல் எத்துணை எளிதாக வழங்கிற்று என்பதை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இப்போர் குடாநாட்டைப் புறத்தே மாற்றியவாறு யாவரும் அறிந்ததே. இன்றைய எல்லைகளின்படி 1981இல் ஏறக்குறைய 7 இலட்சத்து 38 ஆயிரமாயிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை, 2012இல் ஏறக்குறைய 5 இலட்சத்து 83 ஆயிரமாகக் குறைந்தது. அரசியலிலும் அதன் பயன் விளைந்தது. 2010ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் 9 ஆசனங்களைக் கொண்டிருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2015இல் 7 ஆசனங்களும் 2024இல் 6 ஆசனங்களுமே கிடைத்தன. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டகன்றோருட் பலர் கால் நூற்றாண்டுக்கு மேல் நலன்புரி நிலையங்களில் வாழ்ந்தனர். வேறிடத்தில் காணியுடையோர் விரைவில் வெளியேறிவிட, எஞ்சியோர் பெரும்பாலும் காணியற்றோரும் ஒடுக்கப்பட்ட சாதியினருமேயாவர். போர் சாதியை அழித்துவிட்டது என்போர் இதனைச் சிந்தித்தல் நன்று.

இவற்றினும் ஆழமான மாற்றம் நம் நினைவில் நிகழ்ந்தது. அதற்கு ஒக்ரோபர் 30 என்னும் திகதியே சான்று.

1995ஆம் ஆண்டு அந்நாளின் மாலையில், இராணுவம் வலிகாமத்தினுள் முன்னேறிக்கொண்டிருக்க, மக்கள் அனைவரும் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் செல்லவேண்டுமென விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி வாயிலாக அறிவித்தனர். நான்கு இலட்சம் பேரளவில் ஓரிரவிற் புறப்பட்டனர். அப்போது எனக்கு வயது பதினான்கு. மழையில், துவிச்சக்கரவண்டியின் கைபிடியில் இரு பைகளைக் கொளுவிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடியுமட்டும் நின்றேன். அடுத்த ஆண்டு தென்மராட்சியும் இராணுவத்தின் வசமான பின்னரே நம்மிற் பலர் வீடு திரும்பினோம். சிலர் கிளாலிக் கடனீரேரி கடந்து வன்னிக்குச் சென்றனர்.

இதற்குச் சரியாக ஐந்தாண்டுகளின் முன், 1990ஆம் ஆண்டு இதே திகதியில், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் ஒசுமானியாக் கல்லூரியை அண்டிய மைதானத்துக்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு அவர்களுக்குக் கட்டளையிட்டோரும் விடுதலைப் புலிகளே. அவர்தம் பணமும் நகைகளும் பறிக்கப்பட்டன. அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து இவ்வாறு துரத்தப்பட்டோர் ஏறக்குறைய 70,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். அவ்வாண்டு கிழக்கில் இரு சமூகங்களுக்கிடையே இரத்தக்களரி நிகழ்ந்தது உண்மையே. எனினும், சோனகதெருத் தையற்காரரும் இரும்புக்கடைக்காரரும் அதற்குப் பொறுப்பாளராவது எங்ஙனம்?

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றென நான் கூறவில்லை. நமக்குப் பின்னே போர் முனை இருந்தது. அவர்களுக்கு அயலார் இருந்தனர். நாம் ஆறு திங்களில் மீளத் தொடங்கினோம். அவர்களுக்குப் பன்னீராண்டுகள் வரை வழி திறக்கவில்லை. நாம் திரும்பியபோது சுவர்களாவது நின்றன. சோனகதெருவிலோ கதவு, நிலை, ஓடு யாவும் கழற்றி விற்கப்பட்டன. வாங்கியோர் யார்? 1991இல் எங்கள் அடுக்களைக்குப் புதிதாக ஓடு வேய்ந்தோம். பொருளாதாரத் தடையால் ஆணியுங் கிடையாத அக்காலத்தில் அவ்வோடு மலிவாக வந்தது. எங்கிருந்து வந்ததென நான் தந்தையாரைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போரிற் சிக்கிய ஸ்பெயின் தேசம், 1975இல் பிராங்கோ இறந்தபின், பழையன பேசாதிருப்பதென ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 1977ஆம் ஆண்டுப் பொதுமன்னிப்புச் சட்டம் அதற்கு உறுதியளித்தது. ஆயினும், பேரப்பிள்ளைகள் புதைகுழிகளைத் தோண்டத் தொடங்கினர். 2007இல் நினைவுக்கெனச் சட்டமொன்று இயற்றவேண்டியதாயிற்று. ஸ்பானியர் உடன்பட்டு மறந்தனர். நாமோ உடன்படாமலே, பழக்கத்தால் மறந்தோம். 2002 ஏப்பிரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் இவ்வெளியேற்றம் குறித்து வருத்தந் தெரிவித்தார். அது இயக்கத்தின் வருத்தம், ஊரின் வருத்தமன்று.

இரண்டாண்டுகளின் முன் பதினோராம் தர வகுப்பில் ஒக்ரோபர் 30இன் சிறப்பு யாதென வினவினேன். தாய்தந்தையர் நடந்த கதையைப் பலர் கூறினர். 1990ஐக் கூறியவர் ஒருவருமில்லை. அவர்களைக் குறைகூறுதல் தகாது; சொல்லிக்கொடுக்க வேண்டிய நானே அதுவரை சொல்லாதிருந்தவன்.

சோனகதெருவுக்கு மீண்டோர் தொகை சிறிது. புத்தளத்திற் பிறந்த பிள்ளைகளுக்கு இவ்வூர் பாட்டனார் ஊர் மட்டுமே. ஒரு குடும்பமாகச் சென்றோர் மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகிவிட, பழைய சிறு காணி அவர்களுக்குப் போதாது. சென்ற ஆண்டு என் மாணவர் ஐவர் அங்குச் சென்று, திரும்பிவந்த முதியோர் சிலரைக் கண்டு, அவர்கள் வாய்மொழியை நாற்பது பக்கக் கொப்பியொன்றில் எழுதி வந்தனர். அக்கொப்பி இப்போது எங்கள் பாடசாலை நூலகத்தில் இருக்கிறது. முதற்பக்கத்தில் ஒரு தையற்காரர் தம் கடையில் தைக்கப்படாமல் விடப்பட்ட துணிகளை, கொடுத்தவர் பெயரோடு ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்.