சைபர்: வெறுமையைக் குறித்த ஒரு சொல்லின் பயணம்

'கணக்கில் சைபர் வாங்கிவிட்டான்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்த இச்சொல், மத்ரஸா மாணவருக்கு அந்நியமானதன்று. அரபியின் 'ஸிஃப்ர்' என்பதே இதன் தாய். வெறுமை, காலி என்பது அதன் பொருள். அடியான் கையேந்தினால் அக்கைகளை வெறுமையாகத் திருப்பியனுப்ப அல்லாஹ் வெட்கப்படுகிறான் என ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. அங்கே 'வெறுமையாக' என்பதற்கு வந்துள்ள சொல்லும் இதுவே. ஸஃபர் மாதத்தின் பெயரையும் இவ்வேரோடு சேர்த்து, மக்கள் வெளியேறி வீடுகள் காலியானதால் வந்த பெயர் என விளக்கும் அறிஞர்கள் உண்டு. அம்மாதத்திற்குப் பீடை என்னும் பெயர் பிற்காலத்தார் சூட்டியது.

இந்தியக் கணிதத்தின் 'சூன்யம்' பாக்தாதை அடைந்தபோது, அரபு அறிஞர்கள் அதற்கு நேரான சொல்லாக ஸிஃப்ர் என்பதைக் கொண்டனர். ஒன்பதாம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூன் காலத்தில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ இவ்வெண்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவற்றை இந்தியருடைய கணக்கு என்றே அவர் குறிப்பிட்டார். நாம் பெருமை பேசும்போது பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த நேர்மையைத்தான்.

இத்தாலியின் பைசா நகரத்து ஃபிபொனாச்சி, தந்தை சுங்கப் பணியில் இருந்த வட ஆப்பிரிக்கத் துறைமுகமான பிஜாயாவில் இக்கணக்கைக் கற்றார். 1202இல் எழுதிய நூலில் ஸிஃப்ரை 'ஸெஃபிரம்' என லத்தீனாக்கினார். அது இத்தாலியர் நாவில் தேய்ந்து 'ஸீரோ' ஆயிற்று. அதே அரபுச் சொல் லத்தீனில் 'சிஃப்ரா' என்றும் வழங்கி, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் 'சைஃபர்' ஆனது. ஆக, ஆங்கிலத்தில் ஸீரோவும் சைஃபரும் ஒரு தாய் மக்கள்.

புதிய எண்களை ஐரோப்பா உடனே ஏற்றுவிடவில்லை. 1299இல் ஃபுளோரன்ஸ் நகரத்து நாணய மாற்றுநர் சங்கம், கணக்கேடுகளில் அவற்றை எழுதலாகாது எனத் தன் உறுப்பினருக்குத் தடை விதித்தது. காலப்போக்கில் 'சைஃபர்' மறையெழுத்தையும் குறிக்கலாயிற்று. இரகசியச் செய்திகளில் எழுத்துக்குப் பதில் எண்ணை இட்டெழுதும் வழக்கம் இருந்தது. எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என எண்ணி மறையெழுத்தை அவிழ்க்கும் முறையை, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அல்கிந்தீ அரபியில் எழுதிவைத்திருந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இன்று செய்தித்தாள்களில் வரும் 'சைபர் குற்றம்' தமிழெழுத்தில் இதே வடிவம் கொண்டது. அதையும் அரபியின் பிள்ளை எனச் சொல்லத் தோன்றும். அது தவறு. கப்பலின் சுக்கானைப் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து நார்பர்ட் வீனர் 1948இல் ஒரு துறைக்குப் பெயரிட்டார்; அப்பெயரின் முற்பகுதியே இந்தச் சைபர். இரண்டிற்கும் உறவில்லை. பிள்ளைகள் கேட்டால், நம் பெரியவர்களின் சைபர் அரபி, காவல்துறையின் சைபர் கிரேக்கம் என்று பிரித்தே சொல்லிக்கொடுப்போம்.