துருவத்தைவிடக் குளிர்ந்த வானம்

வாயு வழிபட்டதால் வாதவூர் என்று பெயர் வந்ததாகத் திருவாதவூரில் சொல்வார்கள். மே மாத மதியத்தில் அங்கே கண்மாய்க் கரையில் நின்று பாருங்க, வாயு நெருப்பாத்தான் வீசும். ஆனா அதே இடத்துக்கு நேர் மேலே சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 80 டிகிரி. அதே மே மாதம், அதே உயரத்தில், வட துருவத்துக்கு மேலேகூட இவ்வளவு குளிர் கிடையாது.

இதை 1929-இல் ஒரே படத்தில் வரைந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டவர் கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன். பாலக்காடு கல்பாத்தியில் 1893-இல் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, திருவனந்தபுரத்தில் வேலை பார்த்து, பிறகு கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் ஆய்வுக்குப் போனவர். 1923-இல் திரவங்களில் ஒளிச்சிதறலைப் பார்த்தபோது, எவ்வளவு சுத்தம் செய்தாலும் போகாத ஒரு மங்கலான ஒளி அவர் கண்ணில் பட்டது. ராமன் விளைவின் முதல் தடயங்களில் ஒன்று அது. (அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுறேன்.) 1925-இல் வானிலைத் துறைக்குப் போயிட்டார்.

அப்போ ரேடியோ கருவி கிடையாது. பலூனில் கட்டிவிட்ட சின்னப் பெட்டி, வெப்பநிலையை ஒரு தகட்டில் கீறிக்கொண்டே மேலே போகும். பலூன் வெடித்துக் கீழே விழுந்த பெட்டியை யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் கணக்கு. வயல்ல கிடந்ததைத் தூக்கிட்டு வந்த ஊர்க்காரர்களுக்கும் இந்த அறிவியலில் பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன். ஆக்ரா, பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) போன்ற இடங்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தார் ராமநாதன். பூமத்திய ரேகைக்கு மேலே குளிர்க்காற்று ஒரு தட்டையான வளையமாக உட்கார்ந்திருந்தது. வெப்பமண்டலத்தில் சூடான காற்று ரொம்ப உயரம் ஏறி, விரிந்து, விரிய விரியக் குளிர்ந்துபோகுது. துருவத்தில் அந்த ஏற்றம் 8, 9 கிலோமீட்டரிலேயே நின்னுடும்.

அதே 1929-இல் ஆர்க்டிக்கின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் சுவிட்சர்லாந்தின் கோட்ஸ் வேறொன்றைக் கவனித்தார். சூரியன் அடிவானத்தை நெருங்கும்போது, உச்சி வானத்திலிருந்து வரும் இரு புற ஊதா அலைகளின் விகிதம் ஒரு கட்டத்தில் திரும்பி எதிர்த்திசையில் போகிறது. அந்த வளைவை வைத்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்று தரையில் இருந்தே சொல்லலாம். ஆனா கணக்கு போட்டு மாளாது. அந்தக் கணக்கிடும் முறையை 1957-இல், சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்காக, ராமநாதனும் ஜே.வி. தவேயும் எழுதிக் கொடுத்தார்கள். அப்போ அவர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர்.

1966 வரை அவர் நடத்திய அந்த ஆய்வகத்திலிருந்துதான் பரம்ஜித் சிங் சேரா, 1971-இல் சோவியத் குழுவோடு அண்டார்டிகா கிளம்பினார். அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்கிய முதல் இந்தியர். மேல் காற்றின் வெப்பத்தை அளக்க இம்முறை பலூனுக்குப் பதில் ராக்கெட்.

1929 படத்துக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. இருண்ட குளிர்காலத்தில் அண்டார்டிக் மேல் காற்றும் மைனஸ் 80-க்குக் கீழே போய்விடும். அந்தக் குளிரில் மேகம் உருவாகி, நாம் விட்ட குளோரினுக்கு ஓசோனை அழிக்க வழி பண்ணித் தருது. அங்கே வசந்தகாலத்தில் ஓசோன் பெருமளவு குறைவதை மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1985 மே மாதம் நேச்சரில் வெளியிட்டார்கள். 91 வயது ராமநாதன் 1984 டிசம்பர் 31-இலேயே காலமாகியிருந்தார்.