சக்கரப் பல்லில் இருந்த கணக்கு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரந்தான். ஆயினும், ஆண்டாள் கோயில் தேரின் மரச் சிற்பங்களைச் செதுக்கிய உளியிலிருந்து, பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ஸ்தாபித்த ராஜபாளையம் மில்லின் கதிர்களை வந்தடைவதற்குத் தொழிலின் சரித்திரத்தில் ஒரு யுகத்தையே கடக்க வேண்டியிருக்கிறது. இன்று வீட்டறையிலே கணினியின் ஆணைப்படி வெட்டும் சிறிய சி.என்.சி. யந்திரமொன்றை வாங்கி வைத்துக்கொண்டு, மரத்தையும் அலுமினியத்தையும் ஆசைக்கு வெட்டிப் பார்க்கும் இளைஞர்கள், எத்தனை சுற்றில் ஓட்டுவது, எவ்வளவு ஃபீடு, அதாவது ஊட்டம், கொடுப்பது என்று தவிக்கிறார்களே, அந்தக் கேள்வியை இவ்விரு ஊர்களின் தொழில்களும் வெவ்வேறு கோலங்களில் முன்னமே சந்தித்திருக்கின்றன.

தேர்ச் சிற்பிக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியிராது. உளி பாயும் வேகமும், ஒவ்வோர் அடிக்கும் அது மரத்துக்குள் முன்னேறும் அளவும் அவனுடைய கைகளுக்குள்ளேயே அடங்கியிருந்தன; இலுப்பை மரத்தின் ரேகை திரும்புமிடத்தில் கொட்டாப்புளியின் அடி தானாகவே தணிந்தது. மரக் கடைசலில்தான் முதன்முதலாக இவ்விரண்டும் பிரிந்தன. கயிற்றை மாறி மாறி இழுத்து மரத்தைச் சுழற்றியவன் ஒருவன். உளியைப் பிடித்தவன் மற்றொருவன். இழுப்பவன் வேகத்துக்கும் பிடிப்பவன் ஊட்டத்துக்கும் பொறுப்பாளியாகி, ஒருவன் கைப்போக்கை மற்றவன் அறிந்து நடந்தவரையில் அங்கேயும் எண்களுக்கு வேலையிருக்கவில்லை.

எண்கள் மில்லோடு வந்தன. நூற்பு யந்திரத்திலே கதிர் நிமிஷத்துக்கு 10,000 சுற்றுச் சுற்ற, முன் உருளை அதே நிமிஷத்தில் 400 அங்குலம் இழையை வெளிவிடுமானால், ஓர் அங்குலத்துக்கு 25 முறுக்கு விழுகிறது. ஏறக்குறைய 40ஆம் நம்பர் நூலுக்குரிய முறுக்கு அது. முறுக்குக் குறைந்தால் இழை அறும். மிஞ்சினால் நூல் சுருண்டுகொள்வதோடு உற்பத்தியும் குன்றும். ஆகவே கதிரின் வேகத்தை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. உருளைக்கும் கதிருக்கும் உள்ள விகிதமே பிரதானம். அந்த விகிதத்தைத் தொழிலாளியின் ஞாபகத்துக்கு விட்டுவிடாமல், இரண்டுக்கும் நடுவே 'சேஞ்ச் வீல்' என்ற பல்சக்கரத்தை மாட்டி, இத்தனை பல் என்றால் இத்தனை முறுக்கு என்று இரும்பிலேயே நிலைநாட்டிவிட்டார்கள். மரை வெட்டும் லேத்திலும் அதே பெயருள்ள சக்கரங்கள் அதே காரியத்தைச் செய்தன. சுழலும் உருப்படிக்கும் நகரும் வெட்டுமுனையாகிய பிட்டுக்கும் உள்ள உறவு பல்லின் எண்ணிக்கையில் இருந்தது.

உலோகத்தை வெட்டுவதற்குரிய வேகம் எது என்பதை அமெரிக்காவில் எஃப். டபிள்யூ. டெய்லர் என்பவர் 1880இல் ஆராயத் தொடங்கி, ஏறத்தாழ 26 வருஷங்கள் விடாது பரிசோதனை செய்து, எட்டு லட்சம் பவுண்டு இரும்பையும் எஃகையும் சீவித் தள்ளிய பிறகே 1906இல் முடிவுகளை வெளியிட்டார் என்பது, ஒரு சாதாரண விஷயத்துக்குள் எவ்வளவு சிக்கல் ஒளிந்திருக்கிறது என்பதற்குச் சான்று. உளிமுனையில் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினாலே வேகத்தைப் பத்துக்கு மூன்று நான்கு பங்கு கூட்டலாம் என்று அவர் கண்டார். அவர் வகுத்த சூத்திரத்தின்படி, ஹைஸ்பீடு எஃகுப் பிட்டின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்தினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. தொழிலாளியை யந்திரத்தின் உறுப்பாக்கப் பார்த்தவர் என்று அவர்மீது சொல்லப்படும் குற்றம் நியாயமானதே; ஆனால் பட்டறையில் பிட்டு ஏன் எரிகிறது என்பதை அவரளவு பொறுமையாகக் கேட்டவர் அவருக்குமுன் இல்லை.

1952இல் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் துளையிட்ட காகித நாடாவின் ஆணைப்படி மில்லிங் யந்திரம் ஓடிக் காட்டியபின், பல்சக்கரத்துக்கு மெல்ல மெல்ல விடை கொடுக்கப்பட்டது. வேகத்துக்கு 'எஸ்', ஊட்டத்துக்கு 'எஃப்' என்று இரண்டு எழுத்துகளே அதன் ஸ்தானத்தில் அமர்ந்தன. வீட்டு யந்திரங்களில் பலவற்றிலோ அந்த இரண்டுக்கும் தொடர்பே கிடையாது: சுழல்வது தச்சர் கையில் பிடிக்கும் ரூட்டர், அதன் வேகத்தை ஒரு திருகுக் குமிழ் நிர்ணயிக்கிறது, நகர்த்துவது வேறு மோட்டார். விகிதத்தைக் காக்கும் பொறுப்பு, மறுபடியும் மனிதன் தலையில்தான் வந்து விழுந்திருக்கிறது.

இரண்டு வெட்டுவிளிம்புள்ள 6 மில்லிமீட்டர் பிட்டு, நிமிஷத்துக்கு 10,000 சுற்றில், 1,000 மில்லிமீட்டர் நகர்ந்தால், ஒவ்வொரு விளிம்பும் 0.05 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுகிறது. பழகாதவர் பயத்தினால் நகர்வை 200ஆகக் குறைத்தால் அது 0.01 ஆகிவிடும், அந்நிலையில் விளிம்பு வெட்டாமல் தேய்க்கிறது, மரம் கருகுகிறது, அலுமினியம் பிட்டில் அப்பிக்கொள்கிறது. இத்தகைய ரூட்டர்கள் பெரும்பாலும் 10,000 சுற்றுக்குக் கீழே இறங்குவதில்லையாதலால், யந்திரம் நடுங்கும்போது ஊட்டத்தைக் குறைப்பதைவிட வெட்டும் ஆழத்தைக் குறைப்பதே உசிதம். முறுக்குக் கணக்கை அறிந்த மில் தொழிலாளிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க அதிக நேரம் பிடிக்காது.

ராஜபாளையம் வட்டாரத்து மில்களில் ஸ்பின்னிங் மாஸ்டர்களாகவும் ஃபிட்டர்களாகவும் லேத் தொழிலாளர்களாகவும் இருந்து ஓய்வுபெற்றவர்கள், சேஞ்ச் வீல் கணக்குகளையும் லேத் வேகங்களையும் குறித்துவைத்த கையேடுகள் எவர் வீட்டிலேனும் இருக்குமானால், அவற்றைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாமல், அவ்வூரில் ராமசாமி ராஜாவின் பெயரால் நடக்கும் பாலிடெக்னிக்கின் நூலகத்துக்குக் கொடுத்துதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.